ஆலிவை வீட்டுக்கு அனுப்பியவள்

ஹார்ட்வெல் ஊரில் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போய்விட்டால் புருஷன் அவளைத் தேடிக்கொண்டு அலையமாட்டான். நேரே அச்சாபீசுக்கு வருவான். 'மெர்க்குரி' வாரப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில், விதை வெங்காயத்துக்கும் பல்வலித் தைலத்துக்கும் நடுவே ஒரு விளம்பரம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தீனி வைப்பான். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

விளம்பரம் எப்போதும் ஒரே மாதிரிதான். "என் மனைவி இன்னாள், தக்க காரணம் ஏதுமின்றி என் படுக்கையையும் என் சாப்பாட்டு மேசையையும் விட்டு நீங்கிவிட்டபடியால், அவளுக்கு ஒருவரும் இடம் கொடுக்கலாகாது, என் பேரில் கடனும் கொடுக்கலாகாது என்று இதன்மூலம் தடை செய்கிறேன்." ஒவ்வொரு தடவையும் இதைப் புதிதாகக் கோப்பானேன் என்று பத்திரிகை ஆசிரியர் ஹைரம் லேத்ராப், ஈய எழுத்துகளைக் கோத்தது கோத்தபடி நூலால் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். ஆள் வந்தால் பழைய பெயரை உருவிவிட்டுப் புதுப் பெயரைச் சொருக வேண்டியதுதான். ஐந்து நிமிஷ வேலை. வருஷத்துக்கு நாலைந்து தடவை அந்தக் கட்டு அவிழும். அவிழ்க்கிற கை டார்கஸ் விப்பிளின் கை.

டார்கஸுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஒல்லி, நெட்டை, ஈயம் ஏறிக் கறுத்த விரல் நுனிகள். அவள் அப்பா இதே அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்து இருமி இருமிச் செத்தார். அவர் நின்ற இடத்தில் பதினாறு வயதில் வந்து நின்றவள், பதினேழு வருஷமாக அங்கேயே நின்றாள். ஆணுக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தால் போதும் என்பதால் லேத்ராப் அவளை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு ஆறு பிள்ளைகளோடு நின்றவன். பேச வந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பால் கறக்க ஆகுமா என்று. இன்னொருவன் நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து காபி குடித்துவிட்டு, அவள் தங்கையைக் கட்டிக்கொண்டு ஒஹையோவுக்குப் போய்விட்டான். அப்புறம் யாரும் கேட்கவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று தான்தான் முடிவு செய்ததாக அவள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளட்டும், யாருக்கு நஷ்டம்.

அவளிடம் ஒரு சாவி இருந்தது. பெக் அம்மாள் வீட்டு மாடியில் அவள் வாடகைக்கு இருந்த அறையின் சாவி. அதை ஒரு நாடாவில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பாள். ஊரில் எத்தனையோ பெண்களிடம் பண்ணை இருந்தது, பசு இருந்தது, வெள்ளிக் கரண்டி இருந்தது. உள்பக்கமாகப் பூட்டிக்கொள்ள ஓர் அறை இருந்தவள் டார்கஸ் ஒருத்திதான். மளிகைக் கடையில் மற்றப் பெண்களின் கண் அந்தச் சாவிமேல் விழுவது அவளுக்குத் தெரியும். அதற்காகவே கொஞ்சம் ஆட்டிக்கொண்டு நடப்பாள்.

பத்திரிகையின் முதல் பக்கத்தில் வாராவாரம் கதை வரும். பாஸ்டன் பத்திரிகைகளிலிருந்து லேத்ராப் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துத் தருகிற கதைகள். எல்லாம் ஒரே அச்சு. முதல் வாரம் பெண் கல்யாணம் வேண்டாம் என்பாள். இரண்டாம் வாரம் பள்ளிக்கூடம் நடத்தித் தன் காலில் நிற்பாள். மூன்றாம் வாரம் காய்ச்சல் வரும். நாலாம் வாரம் கடைசிப் பத்தியில் ஒரு பாதிரியார் கையிலோ கப்பல் தலைவன் கையிலோ தன் கையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக அழுவாள். இப்படி இருநூறு கல்யாணங்களையாவது டார்கஸ் ஈயத்தில் நடத்திவைத்திருப்பாள். முதல் பக்கத்தில் கல்யாணத்தைக் கோத்து முடித்துவிட்டு நாலாம் பக்கத்தில் அந்தக் கட்டை அவிழ்க்கிறபோது அவளுக்குச் சிரிப்பு வரும். பகிர்ந்துகொள்ள ஆளில்லாத சிரிப்பு.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ஜனவரியில் பனி பெய்து பாதை அடைபட்டு, பாஸ்டன் தபால் வண்டி வரவில்லை. முதல் பக்கத்தில் ஒன்றரைப் பத்தி காலியாகக் கிடந்தது. "எதையாவது போட்டு ரொப்பு, ஆள் செத்தா என்ன, மாடு செத்தா என்ன" என்று சொல்லிவிட்டு லேத்ராப் அடுப்போரம் போய் உட்கார்ந்துகொண்டார். டார்கஸ் எழுத்துப் பெட்டி முன் நின்றாள். தாள் எடுக்கவில்லை, பேனா எடுக்கவில்லை. வலது கை தானாக எழுத்தைப் பொறுக்கிற்று, இடது கையிலிருந்த ஸ்டிக், எழுத்தை வரிசையாக அடுக்கும் தட்டு, தானாக நிரம்பிற்று. ஆலிவ் மேரிக் என்று ஒருத்தி. நீதிபதியின் மனைவி. பனியில் ஒரு பையோடு வீட்டைவிட்டு இறங்குகிறாள். அடுத்த ஊரில் தொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். ஓர் அறை பிடிக்கிறாள். "ஆலிவ் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து பூட்டினாள். பிறந்தது முதல் முதல்தடவையாக அவள் உட்கார்ந்தாள்." அந்த வாரக் கதை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பாஸ்டன் வண்டி வந்தது, ஆனால் ஊர்ப் பெண்களுக்கு பாஸ்டன் கதை வேண்டியிருக்கவில்லை. ஆலிவ் என்ன ஆனாள், அந்த நீதிபதி வந்தானா என்று அச்சாபீஸ் வாசலில் வந்து கேட்டார்கள். லேத்ராப்புக்கு மூக்கு வேர்த்துவிட்டது. எழுது எழுது என்றார். யார் எழுதுகிறார்கள் என்று கேட்டவர்களிடம், பாஸ்டனிலிருந்து ஒரு சீமாட்டி அனுப்புகிறாள் என்று வாய் கூசாமல் சொன்னார். எட்டு வாரம் ஓடியது. நீதிபதி வந்து கதவைத் தட்டினான், கெஞ்சினான், மிரட்டினான். ஆலிவ் திறக்கவே இல்லை. ஊர் ஆண்கள் முறைத்துக்கொண்டே படித்தார்கள்.

டார்கஸ் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "கீழ என் பேரைப் போட்டா என்ன மிஸ்டர் லேத்ராப்?"

"போடலாமே. அன்னைக்கே சர்ச்சுப் பெரியவர் டீக்கன் சந்தாவை நிறுத்துவாரு, பெக் அம்மா உன்னை மாடியிலேர்ந்து எறக்குவா. பேரை மட்டும் மடியில கட்டிக்கிட்டு நடுரோட்டுல நில்லு."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் ஆசை விடுமா. பதினேழு வருஷம் ஊரார் பெயரையெல்லாம் கோத்தவளின் பெயர் ஒரு தடவைகூட அச்சில் வந்ததில்லை. அவள் அப்பா செத்த செய்தியில்கூட "இரு மகள்கள்" என்றுதான் இருந்தது. அதையும் அவள்தான் கோத்தாள்.

மார்ச்சில், பனி உருகி ரோடெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம், லேத்ராப் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அச்சாபீஸ் பின்கதவைத் தள்ளிக்கொண்டு லொவினா டட்டன் வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளும் டார்கஸும் ஒரே பெஞ்சு. பத்தொன்பது வயதில் எனோஸ் டட்டனைக் கட்டிக்கொண்டு மலையடிவாரப் பண்ணைக்குப் போனவள். இரண்டு குழந்தை பெற்று இரண்டையும் புதைத்தவள். முழங்கால் வரை சேறு. காலில் ஆண்பிள்ளை பூட்ஸ், உள்ளே கந்தல் திணித்து.

"என்னடி இது கோலம்?"

"அவரோட பூட்ஸ். ஏழு மைல் நடந்தேன். என் ஷூவை மாவுப் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்காரு."

"எதுக்கு?"

"நவம்பர்ல பூட்டினா ஏப்ரல்லதான் எடுப்பாரு. குளிர்காலத்துல உனக்கெதுக்கு ஷூ, எங்க போகப்போறேம்பாரு. சர்ச்சுக்குன்னா எடுத்துக் குடுப்பாரு, வந்ததும் வாங்கி வச்சுக்குவாரு. அடிக்கமாட்டாருடி, அதைச் சொல்லணும். இந்த ஒரு விரல்தான்." இடது கைச் சுண்டுவிரல் கோணிக்கொண்டு நின்றது. "கதவு இடுக்குல நானா வச்சுக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட என்னையே சொல்ல வச்சாரு."

எனோஸ் குடிக்காதவர். சர்ச்சில் கீழ்ச்சுதியில் பாடுகிறவர். அவர் சத்தம் போட்டு ஊரில் யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை மாசசூசெட்ஸ் மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் நீள வண்டி ஹார்ட்வெல் வழியாக வரும். ஏறிவிட்டால் தறி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டிக்காரன் கெட்டிக்காரன். ஒவ்வொரு ஊரிலும் சனிக்கிழமைப் பத்திரிகையை வாங்கி நாலாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் ஏற்றுவான். விளம்பரம் வந்த பெண்ணை ஏற்றினால் பின்னாலேயே புருஷன் வந்து, இவள் கூலி எனக்குச் சேர வேண்டியது என்று மில் வாசலில் நிற்பான். சட்டமும் அப்படித்தான். ஆகவே லொவினாவுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. திங்கள்வரை தலை சாய்க்க ஓர் இடம். சனிக்கிழமைப் பத்திரிகையில் அவள் பெயர் வராமலிருப்பது.

"வந்தா அடுத்த வாரம் வரட்டும்டி. அப்ப நான் மாசசூசெட்ஸ்ல இருப்பேன்."

பிறகு மார்புக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். மெர்க்குரியின் முதல் பக்கம். மடிப்பில் கிழிந்து போயிருந்தது.

"இதை நீதானே கோக்கிற? யாருடி இவ, இதை எழுதறவ? பாஸ்டன்ல எந்தத் தெரு? நான் மில்லுக்குக்கூடப் போகமாட்டேன், இவ வாசல்ல போய் நிப்பேன். இவ கதவைத் திறப்பா. எழுதியிருக்கா பாரு... அவ பூட்டினா, உட்கார்ந்தா. இதைப் படிச்சிட்டு நான் எத்தனை நாள் மாட்டுக் கொட்டகையில உட்கார்ந்து அழுதிருக்கேன் தெரியுமா."

'நான்தாண்டி' என்று டார்கஸ் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நாளைக்கு லொவினா யாரிடமாவது சொல்வாள் என்று பயந்து விழுங்கிவிட்டாள்.

"தபால்ல வருது. விலாசம் கிடையாது" என்றாள்.

சாவியை மட்டும் கொடுத்தாள். ரட்லண்டிலிருந்து வந்த சித்தி மகள் என்று பெக் அம்மாளிடம் சொல்லி மாடிக்கு ஏற்றிவிட்டாள். அது நல்ல காரியம்தான். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம், வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளி மத்தியானம் வரை நீடித்தது.

வெள்ளிக்கிழமை எனோஸ் டட்டன் வந்தார். கால்மிதியில் பூட்ஸைத் துடைத்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"சௌக்கியமா மிஸ் விப்பிள்? உங்க அப்பா கல்லறையில பனி உருகி மண்ணு எறங்கியிருக்கு. வர்ற வழியில பார்த்தேன், ரெண்டு மண்வெட்டி அள்ளிப் போட்டுட்டு வந்தேன்."

"நன்றிங்க."

"எனக்குக் கோபமே கிடையாதுங்க. அவளுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருக்கு, அவ்வளவுதான்." சட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்து லேத்ராப்பின் மேசைமேல் வைத்தார். "மெத்தைக்கடியில இருந்துச்சு. ஏழு வாரத்துக் கதை. இதைப் படிச்சுத்தான் கெட்டா. இதை எழுதின மகராசி யாருன்னு டீக்கனும் நானும் தெரிஞ்சுக்கணும். நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேருமா வர்றோம். இப்போதைக்கு விளம்பரத்தை மட்டும் போட்டுடுங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "அதுல பூட்ஸையும் சேர்த்துக்கோங்க. ஒரு ஜோடி, பசுத்தோல், புது அடி வச்சது."

அவர் போனதும் லேத்ராப் கதவைச் சாத்தினார். முகத்தில் ஈயாடவில்லை. டீக்கன் கை காட்டினால் நாற்பது சந்தா போகும், ஊராட்சி அச்சு வேலையும் போகும்.

"இங்க பாரு டார்கஸ். உன் அறையில யாரோ சித்தி மக வந்திருக்காளாம். யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம், நீயும் சொல்லாத. ரெண்டு வழி இருக்கு. நாலாம் பக்கத்துல இடமில்லைன்னு விளம்பரத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். அடிக்கடி செய்யறதுதான். தள்ளினேன்னா நாளைக்கு டீக்கன் முன்னாடி உன்னைத்தான் காட்டணும், எனக்கு வேற போக்கு இல்ல. இல்லேன்னா விளம்பரத்தைப் போடு. அடுத்த வாரத்தோட கதையை முடி. ஆலிவ் வீட்டுக்குப் போறா, புருஷன் காலுல விழறா. அப்ப அது நம்ம ஊர்ப் பொண்ணு எழுதின நல்ல கதை ஆயிடும். கீழ உன் பேரைப் போடறேன்."

"என் பேரா?"

"முழுப் பேரு. மிஸ் டார்கஸ் விப்பிள். பெரிய எழுத்துல. டீக்கனே வந்து கை குலுக்குவாரு." அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். "நீயே முடிவு பண்ணு. நான் சாப்பிட்டு வரேன். எழுத்தை அடுக்கிப் பூட்டற பாரத்துல எது இருக்கோ அது அச்சாகட்டும்."

பயந்துவிட்டாள் பாவம் என்று பிற்பாடு அவளுக்காகப் பரிந்து பேசியவர்கள் உண்டு. பயந்தாள்தான். ஆனால் லேத்ராப் போனபின் அவள் முதலில் செய்தது என்ன என்று கேட்டால் பரிவு வற்றிவிடும். பெரிய எழுத்துப் பெட்டியை இழுத்து, ஸ்டிக்கில் தன் பெயரைக் கோத்தாள். தலைகீழாகவும் இடம் வலமாகவும் நின்ற எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். மை தொட்டு ஒரு துண்டுத் தாளில் அழுத்தி எடுத்தும் பார்த்தாள். அழகாக இருந்தது. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அலமாரியிலிருந்து கட்டை எடுத்து நூலை அவிழ்த்தாள். போன நவம்பர்க் குளிரில் ஓடிய ஒருத்தியின் பெயர் அதில் இருந்தது. உருவினாள். லொவினா டட்டன் என்று சொருகினாள். மற்றதெல்லாம் தயாராக இருந்தது. பூட்ஸ் வரியை மட்டும் புதிதாகக் கோக்க வேண்டியிருந்தது. "மேலும் என்னுடைய பசுத்தோல் பூட்ஸ் ஒரு ஜோடியையும் எடுத்துச் சென்றுள்ளாள்." ஒரு பிழை இல்லாமல் கோத்தாள்.

சாயங்காலம் அறைக்குப் போனபோது லொவினா தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். டார்கஸின் கிழிந்த காலுறைகள் நாலையும் தைத்து நாற்காலிமேல் வரிசையாக வைத்திருந்தாள். பகலெல்லாம் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதைச் சொல்லும்போதே சிரித்தாள்.

"நாலு தடவை பூட்டித் திறந்து பார்த்தேன்டி. சின்னப் புள்ள மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வந்தாரா?"

"வந்தாரு."

"நாளைக்குப் பேப்பர்ல வருதா? வருதுன்னா சொல்லிடு. இன்னும் வெளிச்சம் இருக்கு, இப்பவே நடந்தா ராத்திரிக்குள்ள ஆத்துக்கு அந்தப்பக்கம் போயிடுவேன். அந்த ஊர்ல இந்தப் பேப்பர் வராது. வண்டியை அங்க பிடிச்சுக்கலாம்."

சொல்லிவிட்டிருந்தால் போதும். கோத்த பாவம் கோத்ததாகவே இருந்திருக்கும், ஆனால் ஒருத்தி தப்பியிருப்பாள். சொன்னால் ஏன் கோத்தாய் என்று கேட்பாளே. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூசித்தான் டார்கஸ் இப்படிச் சொன்னாள்.

"வரல. இடமில்லைன்னு லேத்ராப் தள்ளிட்டாரு. நிம்மதியாத் தூங்கு."

லொவினா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோணல் விரல் டார்கஸின் மணிக்கட்டில் இடித்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்திரிகை வெளியானது. எட்டு மணிக்கு பெக் அம்மாள் பல்வலித் தைலம் என்ன விலை என்று நாலாம் பக்கத்தைப் பார்த்தாள்; பசுத்தோல் பூட்ஸ் வரியில் கண் நின்றது. ஒன்பது மணிக்கு லொவினா பெக் அம்மாள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மூட்டை மடியில். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மளிகைக்காரன் மனைவி, அவளும் ஆலிவுக்காக எட்டு வாரம் கண்ணீர் விட்டவள்தான், கடைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இடம் கொடுக்கலாகாது என்று அச்சில் போட்டிருக்கிறதே. பதினொரு மணிக்கு எனோஸ் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. குனிந்து அவள் கால்களிலிருந்து பூட்ஸைக் கழற்றினார், கந்தலை உதறினார், பூட்ஸை மட்டும் தன் இருக்கைக்கு அடியில் வைத்தார். அவளைப் பின்னால் வைக்கோலில் ஏறச் சொன்னார்.

வண்டி அச்சாபீஸைக் கடந்தபோது டார்கஸ் ஜன்னலை ஒட்டி நின்றாள். லொவினா திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள். லேத்ராப் கடைசி நேரத்தில் ஏமாற்றிவிட்டார், நீ என்ன செய்வாய் என்று சொல்வது போலிருந்தது அந்தக் கை. டார்கஸும் பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ஆலிவ் மேரிக் வீட்டுக்குத் திரும்பினாள். தொப்பிக் கடை எரிந்தது, காய்ச்சல் வந்தது, பனியில் முட்டி போட்டு நீதிபதியின் வாசலில் விழுந்தாள், அறைச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். ஊர் விக்கி விக்கி அழுதது. அதே வாயால்தான் கதவைத் திறக்காதே திறக்காதே என்று எட்டு வாரம் சொல்லியிருந்தது. கீழே பெரிய எழுத்தில் பெயர். டீக்கன் வந்து கை குலுக்கினார். பெக் அம்மாள் மாடி அறைக்குப் புதுத் திரை போட்டுக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு டார்கஸ் முப்பத்தொரு வருஷம் இருந்தாள், பத்தொன்பது கதை எழுதினாள், எல்லாப் பெண்களும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் கல்லறைக் கல்லில் 'எழுத்தாளர்' என்று வெட்டியிருக்கிறது. அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷம் அக்டோபரில் நடந்ததை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எனோஸ் அவளிடம் வந்தார். எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட வேண்டும், மறுக்கக்கூடாது என்றார். சர்ச் வாசலில் நாலு பேர் பார்க்கக் கேட்டதால் அவளுக்கு மறுக்க முடியவில்லை. வண்டியில் முன் இருக்கையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். லொவினா அன்று சர்ச்சுக்கு வந்திருக்கவில்லை.

பண்ணைச் சமையலறையில் காற்று நுழையாதிருக்கச் சுவர் முழுக்கப் பழைய பத்திரிகை ஒட்டியிருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அடுப்புக்கு நேர் மேலே, நிற்கிறவளின் கண்மட்டத்தில், ஆலிவ் வீடு திரும்பிய பக்கம் தனியாகத் தெரிந்தது. சுற்றிலும் மரச்சட்டம் அடித்திருந்தார் எனோஸ்.

எனோஸ் குதிரையை அவிழ்க்கப் போனபோது லொவினா அடுப்பிலிருந்து திரும்பினாள். காலில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. இளைத்திருந்தாள், ஆனால் சிரித்தாள்.

"வாடி. நீதானா அவ! பேரைப் பார்த்ததும் எனக்குத் தலையே சுத்திடுச்சு. முகத்துக்கு நேரா விலாசம் கிடையாதுன்னியே, கள்ளி."

"லொவினா, அந்த முடிவு நானா..."

"தெரியும்டி. எழுத வச்சிருப்பாங்க. எனக்குத் தெரியாதா, ஒரு பொம்பளையை என்னென்ன சொல்ல வைக்கலாம்னு. முதல் எட்டு வாரமும் உன்னுது, அது போதும் எனக்கு. மனப்பாடமா இருக்கு." அவள் டார்கஸின் தோளைத் தொட்டாள். "நீ சாவியைக் குடுத்த. வேற யாரும் குடுக்கல. அதை மறப்பேனா?"

டார்கஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தோம் என்ற ஆறுதலில் வந்த கண்ணீர் அது.

பீன்ஸும் பன்றிக்கறியும் மேசைக்கு வந்தன. சாப்பாட்டுக்கு முன் எனோஸ் ஜெபம் செய்தார். பிறகு சுவரைக் காட்டினார்.

"எங்க வீட்டுல ஜெபத்துக்கு அப்புறம் தினம் இதுவும் உண்டுங்க. படி லொவினா. எழுதினவங்களே வந்திருக்காங்க."

லொவினா சுவரைப் பார்க்காமலே சொன்னாள். பனி, முட்டி, வாசல், சாவி. தினம் ஒப்பிக்கிறவளின் குரல். கடைசியில் "மிஸ் டார்கஸ் விப்பிள்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். டார்கஸைப் பார்த்து ஓரக்கண்ணால் லேசாகச் சிரிக்கவும் செய்தாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் வாத்தியாருக்குப் பின்னால் சிரித்ததுபோல.

எனோஸ் ரொட்டியைப் பிட்டார்.

"உங்களுக்கு நான் நேர்ல நன்றி சொல்லணும் மிஸ் விப்பிள், அதுக்குத்தான் கூப்பிட்டேன். லேத்ராப் போன வாரம்தான் சொன்னாரு. விளம்பரத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளறதா, அன்னைக்கே போடறதான்னு முடிவை உங்க கையிலயே விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டாராமே. திரும்பி வந்து பார்த்தா பாரத்துல பூட்டி ரெடியா இருந்துச்சாம். பூட்ஸ் உட்பட. நீங்க மட்டும் தள்ளியிருந்தா திங்கக்கிழமை இவ போயே போயிருப்பா."

எனோஸ் மென்றுகொண்டிருந்தார். லொவினா டார்கஸையே பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் என்று டார்கஸ் காத்திருந்தாள், அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருந்துச்சு" என்றாள் லொவினா, யாரிடமும் இல்லாமல்.

"என்ன வெளிச்சம்?" என்றார் எனோஸ்.

"ஒண்ணுமில்லைங்க."

அவள் எழுந்து, ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவந்தாள். பெரிய துண்டாக வெட்டினாள். மேப்பிள் பாகை மேலே ஊற்றினாள். கோணல் விரல் தட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க மிஸ் விப்பிள்" என்றாள். "எதுவும் மிச்சம் வைக்காதீங்க."

டார்கஸ் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.